போலோ டாக்டரும் மாட்டு டாக்டரும்

டின் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்குத் தர ஆய்வாளர் வேலை. பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும் பிஸ்கட் டின்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மூடியில் நகக்கண் அளவு நெளிவு இருந்தாலும் எடுத்துக் கழித்துவிடுவேன். இருபத்தொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கண்ணுக்குத் தப்பிய நெளிவு கிடையாது என்று மேலாளர் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார்.

அப்படிப்பட்டவன் வேலை முடிந்து எந்த வண்டியில் ஏறிப் போகிறான் என்று பார்த்தவர்கள் அந்தப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

பத்தொன்பது வயதான ஃபோக்ஸ்வாகன் போலோ. வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அது நல்ல வண்டி. பதினோரு வயது வரை ஒரு கண் டாக்டரிடம் இருந்தது. அவர் அதைக் கண்ணாகவே பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் கைக்கு வந்தது. என் கை என்று சொல்வதைவிட, என் ஸ்பேனர் பெட்டிக்கு வந்தது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஓட்டுநர் பக்கக் கதவுக்குள் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறது என்று ஒரு விடுமுறை நாளில் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது இரண்டு திருகாணியும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம் இருந்தன. சத்தம் நின்றுவிட்டது. கதவு திறப்பதும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் பக்கத்து இருக்கை வழியாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, கால்களை ஒவ்வொன்றாக மடித்து இழுத்துக்கொண்டுதான் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார வேண்டும். தொழிற்சாலை வாசல் காவலாளி முதல் வாரம் ஓடிவந்து உதவப் பார்த்தார். இப்போதெல்லாம் நான் வண்டியை நெருங்கும்போதே வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டிய பிறகு, இடப்பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அலறியது. பெட்ரோல் முள் மட்டும் நான் தொடாமலேயே நின்றது, பாதியில். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால் இருபது நிமிடம் மௌன விரதம். என்ன கெஞ்சினாலும் கிளம்பாது. கடைசியாக, எஞ்சினைக் கவனி என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. நான் கவனித்தேன். ஒரு சின்னக் கறுப்பு டேப்பை வெட்டி அதன் மேல் ஒட்டினேன்.

என் மனைவி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மூட்டு, முதுகு, தோள்பட்டை எல்லாவற்றையும் பொறுமையாகப் பிடித்து நிமிர்த்துகிறவள். கியர் கம்பியைத் தாண்டித் தாண்டி என் இடுப்பு பிடித்துக்கொண்டபோது அவள்தான் நீவிவிட்டாள். போலோவுக்கு அவள் வைத்த பெயர் 'மூத்த தாரம்'. "உங்க மூத்த தாரம் இன்னைக்கு வருவாங்களா, இல்ல நான் பஸ் பிடிக்கவா?" என்று காலையில் கேட்பாள். அதில் கோபம் இருக்காது. நோயாளியிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிற அதே குரல்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அதில் நான் டாக்டர்.

கைப்பேசியில் 'பழைய போலோ குடும்பம்' என்று ஒரு குழு. பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற நானூறு பேர் அதில் இருந்தோம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாரும் புனைபெயர்தான். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர் பிரேக் மிதித்தால் கீச்சென்று கேட்கிறது என்று எழுதினார். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் மெக்கானிக் அக்கா என் வண்டியில் அதே சத்தத்துக்குக் காரணம் சொல்லியிருந்தார். அதை அப்படியே எடுத்து, நடுநடுவே 'என் அனுபவத்தில்' என்று சேர்த்து எழுதிவிட்டேன். "நன்றி டாக்டர்" என்று பதில் வந்தது.

அந்த ஒரு வார்த்தை என்னைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன கேள்வி வந்தாலும், ஏதோ ஒரு சாக்கு வைத்து மெக்கானிக் அக்காவின் பட்டறைக்குப் போவேன். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசுவார். அவருடைய செருப்பைப் பார்த்துத்தான் நான் பேசுவேன். சுற்றி வளைத்துக் கேட்டு, பதிலை வாங்கி, வீட்டுக்கு வந்து குழுவில் ஏற்றுவேன். அக்கா சொன்னதில் பாதி வழியிலேயே மறந்துபோகும். மறந்த இடத்தைச் சொந்தச் சரக்கால் நிரப்புவேன்.

குழுவில் என்னை மறுத்துப் பேசுகிற ஒரே ஆள் 'பழைய ஸ்பேனர்' என்ற பெயரில் இருந்தவர். நான் எதையாவது அடித்துச் சொன்னால், "முதலில் பைப்பைப் பார்த்துவிடுங்கள், அது சின்ன வேலை" என்று ஒரு வரி எழுதுவார். மூன்று மாதத்துக்கு முன் எனக்குப் பொறுக்கவில்லை. 'தெரிந்தவர்கள் பேசும் இடத்தில் தெரியாதவர்கள் அமைதி காத்தால் அனைவருக்கும் நலம்' என்று பதில் போட்டேன். பழைய ஸ்பேனர் அதற்கு ஒரு கைகூப்பும் படம் மட்டும் அனுப்பிவிட்டு அடங்கிவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்து அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன். போதாததற்கு, 'அவசரத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்' என்று என் எண்ணையும் குழுவில் போட்டுவைத்தேன். யாரும் அழைக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்துவிட்டார்கள்.

பெண் குரல். குழுவில் 'நீலப்புறா' என்ற பெயரில் இருப்பவர் தான்தான் என்றார். கால்நடை மருத்துவர். ஊருக்கு வெளியே பெரிய பாலத்தைத் தாண்டி அவருடைய நீல போலோ ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் ஒரு பசு கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து தவிக்கிறது, அங்கேதான் போய்க்கொண்டிருந்தாராம். "உடம்பு கொதிக்குது, மூக்கு வழியா புகை வருது டாக்டர். நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். வண்டியைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

மெக்கானிக் அக்காவைக் கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்றேன். என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்றேன். "யாராவது ஒருத்தர் உண்மையான ஆளுக்குப் போன் போட வேண்டியிருக்குமே" என்றாள்.

பாலத்தைத் தாண்டியதும் நீல வண்டி தெரிந்தது. பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கையில் கனமான பையோடு நின்றிருந்தார். முதலில் என் மனைவி இறங்கினாள். பிறகு அதே கதவு வழியாக நான் கால், முழங்கால், தலை என்று தவணை முறையில் வெளியே வந்தேன். மாட்டு டாக்டர் அதை உற்றுப் பார்த்தார். தொழில் ரீதியாக அவருக்குப் பழக்கப்பட்ட காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

முன்மூடியைத் திறந்தேன். எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் கைகட்டி நின்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்தது. பிறகு எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். பார்த்தும் சொல்லவில்லை, கேட்டும் சொல்லவில்லை. போன வாரம் குழுவில் அந்த வார்த்தையை எழுதியிருந்தேன், நாக்கில் தயாராக இருந்தது. தண்ணீர் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்ப்போம் என்று கிளிப்பைத் தளர்த்திவிட்டு குழாயைப் பிடித்து முறுக்கினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக முறுக்கினேன். மனைவி, "மெதுவா, மெதுவா, வயசான மூட்டு" என்றாள்.

டக் என்று ஒரு சத்தம்.

ரப்பர் குழாய் என் கையில் வந்திருந்தது. அதன் முனையில், குழாய் சொருகியிருந்த பிளாஸ்டிக் மூக்கும் உடைந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மிச்சமிருந்த தண்ணீர் குபுகுபுவென்று என் செருப்பில் இறங்கியது.

மாட்டு டாக்டர் குனிந்து பார்த்து, "இது கழண்டு வர்ற இடமா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். அதற்குள் மனைவி மெக்கானிக் அக்காவுடன் பேசத் தொடங்கியிருந்தாள். அக்கா கிளம்பி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். மாட்டு டாக்டரின் கைப்பேசியும் அடித்தது. பண்ணையிலிருந்து. பசு இப்போது படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை என்றார்கள். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் நான் எவ்வளவு பெரிய காரியத்தோடு விளையாடியிருக்கிறேன் என்று உறைத்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் முதல் பசுவில் இருந்தேன்.

"என் வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டு நேராக ஓட்டுநர் கதவுக்குப் போய் இழுத்தார். அது திறக்காது, இந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்றேன். சரி என்றார். இடப்பக்கம் திரும்பினால் ஹார்ன் அடிக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம், எங்கே போனாலும் அணைக்க வேண்டாம், இரண்டாம் கியரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போட வேண்டும், டேப் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். 'எட்டு வருடமாக என் வண்டி ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை' என்று குழுவில் போன மாதம்தான் எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்கு முதல் ஆளாக இதயம் போட்டவர் நீலப்புறா.

அவர் சாவியை என் கையில் திரும்ப வைத்தார். "நீங்களே ஓட்டுங்க. எனக்கு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கத்தான் தெரியும்."

மனைவி நீல வண்டியோடு தங்கினாள். நான் கியர் கம்பியைத் தாண்டிப் போய் உட்கார, மாட்டு டாக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். பண்ணைக்குப் போகும் பாதை, எனக்கென்றே போட்டதுபோல, இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் அலறினோம். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் பயந்து பள்ளத்தில் இறங்கியே விட்டார். மாட்டு டாக்டர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை மட்டும், குழுவில் தான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சீட் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

பண்ணையில் ஒரு கணவனும் மனைவியும் கொட்டில் வாசலிலேயே நின்றிருந்தார்கள். வண்டியை அணைக்காமல் முற்றத்தில் விட்டுவிட்டு இறங்கினேன். நான் வெளியே நிற்கலாம் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, "வாங்க சார், ஆள் போதாது." பண்ணைக்காரர் தலைப்பக்கம், அவர் மனைவி வெந்நீர். எனக்கு வாலைப் பிடித்து ஒதுக்கிக்கொள்ளும் வேலை. தொழிற்சாலையில் மேலாளருக்கு வால் பிடிக்கிறவர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். நிஜமான வால் எவ்வளவு கனம், அதில் எவ்வளவு பலம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு முறை கன்னத்தில் வாங்கினேன்.

ஆனால் பக்கத்தில் நின்று பார்த்ததை நான் மறக்க மாட்டேன். மாட்டு டாக்டர் அவசரப்படவே இல்லை. தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களாலேயே தேடினார். "ஒரு முன்னங்கால் மடங்கியிருக்கு" என்று மெல்லச் சொன்னார். இழுக்கலாமா என்று பண்ணைக்காரர் துடித்தார். வேண்டாம் என்றார். இன்னும் கொஞ்சம் தேடினார். தெரியும்வரை எதையும் இழுக்கவில்லை. பசு மூச்சை இழுத்தபோது நிறுத்தினார், அது தளர்ந்தபோது மட்டும் கையை நகர்த்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கால் நிமிர்ந்தது. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஈரமாக, கறுப்பாக, நெற்றியில் வெள்ளைத் திட்டோடு ஒரு கிடாரிக் கன்று வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் குச்சியால் நாசியில் நிரடி, விலாவைத் தேய்த்தார். கன்று ஒரு தும்மல் தும்மியது.

பண்ணைக்காரரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் கண்ணிலும் நீர் வந்தது. வாலடி பட்ட கன்னத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன். இருபத்தொரு வருடமாக ஒரு பொருளைப் பார்த்த நொடியில் ஒதுக்கிப் பழகியவனுக்கு, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் தேடுவது புதிதாக இருந்தது. குழாயை முறுக்கிய என் கையை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை.

திரும்பும்போது பாதி வழியில், ஒரு வலப்பக்க வளைவில், போலோ இருமி நின்றது. இந்த முறை காரணத்தை நானே சரியாகக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. முள் மட்டும் பாதியில் நின்றபடி நம்பிக்கையோடு இருந்தது.

மனைவிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. அரை மணி நேரத்தில் நான் உடைத்த நீல போலோ ஒரு குலுக்கல்கூட இல்லாமல் எங்களைத் தேடி வந்தது. மெக்கானிக் அக்கா ஓட்ட, என் மனைவி பெட்ரோல் கேனோடு இறங்கினாள்.

அக்கா மாட்டு டாக்டரிடம் விளக்கினார். குழாயில் கிளிப் பக்கத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகி, தண்ணீர் ஊற்றியிருந்தால் கால் மணி நேரத்தில் கிளம்பியிருக்கலாம். உடைந்த மூக்குக்குத் தன்னிடம் இருந்த வேறொன்றை மாட்டியிருக்கிறார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. பெட்ரோலை ஊற்றிவிட்டு என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பு டேப்பை நகத்தால் கீறி எடுத்தார். "சாவியைத் திருப்புங்க சார்" என்றார். திருப்பினேன். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பிறகு அக்கா என்னைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொன்னார்: "தெரிந்தவர்கள் பேசும் இடத்தில் தெரியாதவர்கள் அமைதி காத்தால் அனைவருக்கும் நலம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "நீங்களா பழைய ஸ்பேனர்?"

"நானேதான்."

"அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்தீங்க? எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு சார்? நான் சொன்னதுல பாதியைச் சரியா எழுதறீங்க. அது ஊருக்கு நல்லது. மீதிப் பாதியைத் தப்பா எழுதறீங்க. அதைச் செஞ்சு பார்த்துட்டு நேரா என் பட்டறைக்குத்தான் வர்றாங்க. அது எனக்கு நல்லது."

மாட்டு டாக்டர் அப்போதுதான் அன்று முதன்முறையாகச் சிரித்தார். பூட்ஸில் சாணியோடு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். நான் சிரிக்க முயன்றேன். முதலில் வரவில்லை, அப்புறம் வந்தது.

அன்று மாலையே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். கதவு, ஹார்ன், டேப், உடைத்த மூக்கு, யாரிடமிருந்து பதில்களைத் திருடினேன் என்பது வரை. பழைய ஸ்பேனரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானூறு பேரும் வெளியேறிவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருவர், தானும் அந்த மஞ்சள் விளக்கின் மேல் குழந்தையின் பொம்மை ஸ்டிக்கரை ஒட்டியிருப்பதாக எழுதினார். இன்னொருவர் தன் வண்டியில் பின்னோக்கிப் போகும் கியரே இல்லை, நான்கு வருடமாக இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன் என்றார். மூன்றாமவர் ஜன்னலைத் தக்கை வைத்து நிறுத்தியிருக்கிறாராம். அன்று இரவு முழுக்கப் பாவமன்னிப்பு. அதுவரை குழுவில் பழுதை மறைத்து வண்டி ஓட்டியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

என் வண்டியை மெக்கானிக் அக்கா மூன்று சனிக்கிழமைகளில் சரிசெய்தார். ஒரு நிபந்தனை போட்டார்: வேலை நடக்கும்போது நான் பட்டறைக்குள் வரக் கூடாது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே தூரத்திலிருந்து பார்த்தேன். குழுவில் இப்போது கேள்வி வந்தால் அக்காதான் பதில் சொல்கிறார். எழுத்துப் பிழை திருத்துவது மட்டும் என் வேலை. டின்னில் நெளிவு பார்த்த கண்ணுக்கு அது பரவாயில்லாமல் வருகிறது.

போன வாரம் குழுவில் ஒரு புது ஆள் சேர்ந்தார். பெயர், 'இளைய தாரம்'. வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி: "வண்டி நன்றாக ஓடுகிறது. வீட்டுக்காரரை எங்கே காட்டுவது?"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய ஸ்பேனர் உடனே பதில் எழுதியிருந்தார்: "முதலில் பைப்பைப் பார்த்துவிடுங்கள். வாய்ப் பக்கம்தான் ஓட்டை இருக்கும்."

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.